ஆதம்பாக்கம் மினி பஸ்ஸின் மீது சுயம்புலிங்கம் தொடுத்த போர்

"சுயம்புலிங்கம் ஒருத்தன மன்னிச்சிட்டாம்னு உங்க காதுல விழுந்தா, அன்னைக்கு ரங்கநாதன் தெருவுல ஆள் நடமாட்டமே இல்லன்னு அர்த்தம்!"

தீபாவளிக்கு முந்தைய வாரம். ரங்கநாதன் தெருவில் மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முற்பகலில், தன் கடையின் கல்லாவுக்குப் பின்னால் எழுந்து நின்று சுயம்புலிங்கம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். கடைக்குள் அப்போது பெண்கள் கூட்டம். அத்தனை பேரும் கையில் புடவையை வைத்துக்கொண்டு ரவிக்கைத் துணிக்காக முட்டி மோதிக்கொண்டிருந்ததால், வரலாற்றுச் சிறப்பு மிக்க அந்த அறிவிப்பு ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஜமீலுன்னிசாவின் காதில் மட்டும் ஏறியது. கடை தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை பார்க்கிறவர் அவர். அண்ணாச்சியின் சபதங்களை, விட்டு விட்டுப் பெய்யும் மழையைப் போல, குடை விரிக்காமலே கடந்துவிடப் பழகியவர்.

"சரி அண்ணாச்சி, சபதம் போட்டாச்சுல்ல? அந்தப் பாக்குக் கலர் ரோலை இப்படித் தள்ளுங்க."

யாரை மன்னிக்கப் போவதில்லை, எதற்காக என்று சொல்வதற்கு முன்னால், மன்னிக்க மறுத்த மாமனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

திசையன்விளையிலிருந்து வாலிப வயதில் ரயிலேறி வந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர் சுயம்புலிங்கம். இறங்கிய இடத்திலிருந்து அதிக தூரம் போகவில்லை. ஸ்டேஷனை ஒட்டிய ரங்கநாதன் தெருவிலேயே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை மடிக்கும் வேலை. பிறகு அதே தெருவில், ஒரு மாடிப்படியின் அடிவயிற்றில், சொந்தக் கடை. புடவை விற்க மாட்டார். புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி மட்டும்தான். மேட்சிங் சென்டர் என்று இதற்குப் பெயர். கடையில் சுவர் என்று ஒன்று இருப்பதாக யாரும் பார்த்ததில்லை. தரையிலிருந்து கூரை வரை நிறங்கள்தான்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வாசலில் பார்க்காமல் துணி வெட்டுவதில்லை. ட்யூப் லைட் பொய் சொல்லும், வெயில் பொய் சொல்லாது என்பது சுயம்புலிங்கத்தின் கட்சி. எவ்வளவு அவசரமாக வந்தவராக இருந்தாலும், அவருடைய புடவையையும் தன் துணியையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போவார். எதிர்க்கடைப் பலகைக்கும் பக்கத்துக் கடைப் பலகைக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழும். அதில் இரண்டையும் விரித்துப் போட்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஜாதகம் பார்ப்பதைப்போலப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுப்பார். வெயில் சாய்ந்த பிறகு வந்தால், "நாளைக்கு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதனாலேயே மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

தொழிலில் இத்தனை பொறுமை உள்ள மனிதர் பகையில் மட்டும் குறைந்தா போவார்? மாம்பலத்தில் ஒரு ஓட்டலில் சர்வர் விரலைத் தண்ணீருக்குள் விட்டுத் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தான் என்று அந்த ஓட்டலைப் பதினைந்து வருடம் பகைத்தார். ஓட்டலை மூடிவிட்டு அங்கே செல்போன் கடை வந்தது. செல்போன் கடைக்குள்ளும் அவர் கால் வைக்கவில்லை. அழைப்பிதழில் தன் பெயரை மைத்துனர் விட்டுவிட்டார் என்பதற்காக, அந்த வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் தவறாமல் போய், பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவார். ஆதம்பாக்கத்தில் அவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள், "சாயம் அடிச்சுடலாமா சார்?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் சுயம்புலிங்கத்தின் முடி சைதாப்பேட்டையில் விழுகிறது.

அவருடைய பழிவாங்கலில் ஒரு நேர்மை இருந்தது. அதனால் எதிரிக்கு எந்த நஷ்டமும் வராது.

இப்படிப்பட்டவரின் வாழ்வில்தான் மினி பஸ் குறுக்கிட்டது.

வீடு ஆதம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கம். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை, கிண்டி, அடுத்து பரங்கிமலை. அங்கே அவரை இறக்கிவிட்டு ரயில் தன்பாட்டுக்குத் தாம்பரம் போய்விடும். அதற்குமேல் வீடு வரை கிடக்கிற தூரம் ஒரு தினுசானது. ஆட்டோக்காரர், "இவ்ளோ கிட்டக்கவா?" என்று முகம் சுளிப்பார். முழங்கால், "இவ்வளவு தூரமா?" என்று முகம் சுளிக்கும்.

போன வருடம் அந்த இடைவெளியை அடைக்க ஒரு தனியார் மினி பஸ் வந்தது. மஞ்சள் நிறம். ஸ்டேஷன் படிக்கட்டின் காலடியில் வந்து நிற்கும். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் படியிறங்கி வரும்வரை காத்திருந்து, அள்ளிக்கொண்டு, பெரிய பஸ் மூக்கைக்கூட நுழைக்க முடியாத தெருக்களுக்குள் வளைந்து வளைந்து போய் வீட்டு வாசலில் கொட்டும். காலையில் அதே கூட்டத்தைத் தெருத் தெருவாகப் பொறுக்கிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் கொட்டும். மின்சார ரயிலுக்கு வால் முளைத்து, அந்த வால் ஏரிக்கரை வரைக்கும் நீண்டுவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஊரைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் சுயம்புலிங்கம். முதல் நாள் முன்சக்கரத்தின் முன்னால் தேங்காய் உடைத்தவரே அவர்தான். உடைத்த கணத்திலிருந்து அந்த பஸ்ஸைத் தன் மூத்த பிள்ளையாகவே பாவித்தார்.

பிள்ளையிடம் அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. படிக்குப் பின்னால், இடதுபக்க ஜன்னலோரத்து ஒற்றை இருக்கை. ஸ்டேஷன் படியிறங்கும்போதே தோளில் கிடக்கும் துண்டைக் கையிலெடுத்து, வெளியிலிருந்தபடியே ஜன்னல் வழியாக அந்த இருக்கையில் எறிவார். பிறகு நிதானமாகக் கூட்டத்தோடு ஏறுவார். நம் ஊரில் ஜன்னல் வழியாக விழுந்த துண்டு என்பது பத்திரப் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். எவனும் அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார மாட்டான். உட்கார்ந்தால் அவன் மனிதனே இல்லை.

அன்றைக்கு மழை. ஐப்பசி மழை என்றால் சும்மா இல்லை, பரங்கிமலையே கரைந்து தெருவில் ஓடுகிற மழை. சுயம்புலிங்கம் வழக்கம்போலத் துண்டை எறிந்துவிட்டு, குடையை மடக்கி உதறுவதற்காகக் கூரைக்கு அடியில் கொஞ்சம் தாமதித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மினி பஸ்ஸின் வைப்பர் நின்றுபோனது. கண்டக்டர் ரகுபதி, கழுத்தில் விசிலும் கக்கத்தில் பையுமாக நிற்கிற முப்பது வயதுக்காரன், சுற்றுமுற்றும் பார்த்தான். ஜன்னலோர இருக்கையில் ஒரு வெள்ளைத்துணி கிடந்தது. எடுத்தான். முன்கண்ணாடியை உள்ளே துடைத்தான். வெளியே இறங்கிச் சேற்றைத் துடைத்தான். போகிற போக்கில் பக்கவாட்டுக் கண்ணாடியையும் துடைத்தான். காலியாகக் கிடந்த இருக்கையில், மீன்கூடையோடு வந்த ஒரு பெண்மணி நியாயமாக உட்கார்ந்துகொண்டார்.

சுயம்புலிங்கம் ஏறினார். பார்த்தார். குனிந்து இருக்கைக்கு அடியில் தேடினார்.

"இன்னா பெருசு தேட்ற?" என்றான் ரகுபதி.

"என் துண்டு. இங்க போட்டிருந்தேன்."

"துண்டா?" ரகுபதி இரண்டு விரல்களால் கருப்பாக எதையோ தூக்கிக் காட்டினான். அதிலிருந்து சொட்டியது. "இத்தவா சொல்ற? அய்யய்யே, நான் வண்டித் துணின்னு நெனச்சிக்கினேன் பெருசு. இந்தா, புடி."

"தொவைச்சா பூடும் நைனா," என்று மீன்காரப் பெண்மணி ஆறுதல் சொன்னார்.

இதுவரைக்கும்கூட மன்னித்திருக்கலாம். பின்னாலிருந்து யாரோ ஒருவர் சொன்னதுதான் ஆறாத புண்ணாகிவிட்டது. "ஏம்ப்பா, துணிக்கடைக்காரரு துண்டே இப்படின்னா, கடையில துணி எப்படிப்பா இருக்கும்?"

பஸ் சிரித்தது. டிரைவர் சிரித்தார். மீன்கூடைகூடச் சிரித்த மாதிரி இருந்தது. சுயம்புலிங்கம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, குடையை விரிக்காமல், வீடுவரை மழையில் நடந்தார். மறுநாள் காலை கடையில் எழுந்து நின்று வெளியிட்டதுதான் மேற்படி பிரகடனம்.

போர் தொடங்கியது.

முதல் கட்டம், பகிஷ்காரம். பரங்கிமலையில் இறங்கி, பஸ்ஸைத் திரும்பிப் பாராமல் நடப்பார். பின்னாலேயே பஸ் வரும். படியில் தொங்கிக்கொண்டு ரகுபதி கூப்பிடுவான்: "பெருசு! எடம் கீது, ஏறு!" என்ன திமிர் பாருங்கள் என்று சுயம்புலிங்கம் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுவார். பஸ்ஸும் அந்தத் தெருவுக்குள் திரும்பும். ஒரு சந்துக்குள் நுழைந்து ஒதுங்குவார். சந்துமுனையில் பஸ் வந்து நிற்கும். "பெருசு! இன்னா இந்தப் பக்கம் சுத்திக்கினு போற? ஏறு!" எதிரி தன்னைத் துரத்துகிறான் என்று அவர் முடிவு கட்டினார். எல்லாச் சந்துக்கும் போவதற்காகத்தான் அந்த பஸ்ஸை விட்டிருக்கிறார்கள் என்பது கோபத்தில் மறந்துவிட்டது.

இரண்டாம் கட்டம், நேச நாடுகளைத் திரட்டுவது. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சித்தார்த்தனைத் தனியே அழைத்தார்.

"இந்த மினி பஸ்ஸால உங்க பொழப்பு போச்சுல்லா? அத ஒழிச்சுக் கட்டணும்டே. நான் உங்க பக்கம்."

"ஒயிச்சிடலாம் அண்ணாச்சி. மொதல்ல நீ ஏறு. உள்ள இல்ல, உள்ள லேடீஸு. தோ, என் பக்கத்துல குந்து."

டிரைவர் இருக்கையில் மிச்சமிருந்த நான்கு விரற்கடை இடத்தில், உடம்பின் ஒரு பாதியை ஆட்டோவிலும் மறுபாதியைத் தெருவிலும் வைத்தபடி, சுயம்புலிங்கம் பல மாலைகள் போருக்குச் சென்றார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தபோது, மினி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் சித்தார்த்தனைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனாள்.

"யாருடே அது?"

"என் வூட்டுக்காரி அண்ணாச்சி. அதுலதான் வேலைக்குப் போய் வந்துக்கினு கீறா. சௌகரியமா கீதாம். இன்னா பண்ண சொல்ற?"

கூட்டணி உடைந்தது.

மூன்றாம் கட்டம், பிரச்சாரம். ஸ்டேஷன் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுகொண்டு, இறங்கி வருகிறவர்களிடம் வருத்தம் தோய்ந்த குரலில், "மினி பஸ் வராதும்மா. பிரேக்டவுன். நான் பார்த்தேன்" என்று சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்குமுன் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் வந்து நின்றது. மறுநாளும் சொன்னார், மறுநாளும் வந்தது. அதற்குப் பிறகு ஆதம்பாக்கத்து ஜனங்கள் அவர் வாயையே பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியவர் வராது என்று சொல்லிவிட்டால் பஸ் கிட்டத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று உண்டு. தன்மீது ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது என்பது ரகுபதிக்குத் தெரியாது. இதை வீட்டில் மனைவி தங்கத்தின் வாயால்தான் சுயம்புலிங்கம் அறிந்தார். தங்கம் அந்த பஸ்ஸில்தான் கோயிலுக்கும் கடைக்கும் போய் வருவாள். அவள் ஏறுகிற இடத்தில் காய்கறிப் பையை ரகுபதி வாங்கி உள்ளே வைப்பான்.

"உங்களைத்தான் தினமும் கேக்கான்," என்றாள் தங்கம், அவருக்குத் தோசை போட்டபடி. "'பெருசு ஏன் நடக்கிறாரு, சுகரா?'ன்னான். ஆமாம்னு சொல்லி வச்சேன்."

"எனக்கு எங்க சுகர் இருக்கு?"

"துண்டுக்காக நடக்காருன்னா சொல்லச் சொல்லுதீங்க? எனக்கு வெக்கமா இருக்காதா?"

சுயம்புலிங்கம் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தான் சிந்துகிற வியர்வையையெல்லாம் எதிரி சர்க்கரை வியாதிக்கு வைத்தியமாகப் பார்க்கிறான். இதைவிட ஓர் அவமானம் உண்டா? இனி அடித்தால் அவனுக்கு வலிக்கிற இடத்தில் அடிக்க வேண்டும் என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த இடம், தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, வெயில் சாய்ந்த பிறகு, தானாகவே நடந்து கடைக்குள் வந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். அம்மா, மகள். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே கையிலிருந்த பையைக் கல்லாமேல் வைத்தாள். "அண்ணாச்சி நீங்கதானே? உங்க வூட்டம்மா தங்கம் அனுப்ச்சாங்க. என் பேரு முனியம்மா. எங்களுக்கும் ஆதம்பாக்கந்தான். என் புள்ள ரகுபதி மினி பஸ்ல கண்டக்டரா கீறான், தெரியுமில்ல? இது அவன் தங்கச்சி மணிமொழி. ஈக்காட்டுத்தாங்கல்ல கம்பெனில கணக்கு பாக்குது. இந்த ஞாயித்துக்கெயமை நிச்சயம்."

சுயம்புலிங்கத்தின் காதுக்குள் சங்கு ஊதியது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், "உக்காருங்கம்மா" என்றார்.

முனியம்மா புடவையை எடுத்து விரித்தாள். மயில்கழுத்து நிறம். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது. ரவிக்கைத் துணி புடவையோடு சேர்ந்தே இருந்தது. ஆனால் தையற்காரர் ஏதோ ஞாபகத்தில் இரண்டு கையையும் இடது கையாக வெட்டிவிட்டார். வெட்டின கை ஒன்றையும் அடையாளத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"ரவிக்க அதே கலர்ல இல்லன்னா மாப்ளயோட அம்மா மொகத்த தூக்கி வெச்சிக்கும் அண்ணாச்சி. ஏற்கெனவே நாங்க மண்டபம் புடிக்கலன்னு கொற சொல்லிக்கினு கீது. மொட்ட மாடில பந்தலு போட்டு, காலைல தட்டு மாத்திக்கறோம்."

"மொட்டை மாடியா? வெயில் வருமே?"

"பந்தலு சின்னது. பாதி பேரு வெயில்லதான் நிக்கணும்."

எதிரியின் கோட்டைக்கதவு திறந்து கிடந்தது. மயில்கழுத்து சாதாரண நிறம் இல்லை. நெடுக்கே ஓடும் பாவில் நீல நூல், குறுக்கே ஓடும் ஊடையில் பச்சை நூல். ட்யூப் லைட்டில் நீலமாகப் படுத்துக்கிடக்கும். வெயில் பட்டால் பச்சையாக எழுந்து உட்காரும். அதற்கென்றே இரட்டை நூலில் நெய்த ரோல் ஒன்று மேல் அடுக்கில் இருந்தது. சுயம்புலிங்கத்தின் கை அந்தப் பக்கமே போகவில்லை. கீழ் அடுக்கிலிருந்து ஆனந்தா நீலம் என்று கடைக்காரர்கள் சொல்லும் வெறும் நீலத்தை உருவி, ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே புடவைமேல் போட்டார். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் பங்காளிகளாகிவிடும்.

மணிமொழி தயங்கினாள். "மாமா, உங்க கடைல வாசல்ல எடுத்துட்டுப் போய் பாப்பாங்கன்னு சொன்னாங்களே?"

"வெயில் போயிட்டேம்மா."

"அப்ப நாளைக்கு வரட்டுமா? பர்மிஷன் கேட்டுப் பாக்குறேன்."

"எதுக்கும்மா அலைச்சல்? நான் சொல்லுதேன்லா."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்றாள்.

கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே கிழி. அந்தச் சத்தம் அன்றைக்கு அவர் காதுக்கு நாதஸ்வரமாக ஒலித்தது. அவர்கள் போனார்கள். போகிற அவசரத்தில் இடது கையை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜமீலுன்னிசா துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். "அண்ணாச்சி, மயில்கழுத்துக்கு ஆனந்தா நீலமா?"

"ட்யூப் லைட்ல சரியாத்தானே இருந்தது?"

"ட்யூப் லைட்ல நானும்தான் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கேன்."

"அது யார் தங்கச்சி தெரியுமா? என் துண்ட வச்சு வண்டி தொடச்சான்லா, அவன் தங்கச்சி!"

"தொடச்சது அவன். ரவிக்கை போட்டுக்கிட்டு மாமியார் முன்னாடி நிக்கப்போறது அவளா?"

"பழின்னா அப்படித்தான் இருக்கும். அதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி புரியணும்?" என்று ஜமீலுன்னிசா அந்த இடது கையை எடுத்து, தூசி தட்டி, கல்லா ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ரயிலில் வரும்போது சுயம்புலிங்கம் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் முன்கூட்டியே அனுபவித்தார். மொட்டை மாடி. வெயில். பச்சைப் புடவை, நீல ரவிக்கை. மாப்பிள்ளையின் அம்மா புருவத்தைத் தூக்குகிறாள். சம்பந்திப் பெண்கள் காதோடு காதாகப் பேசுகிறார்கள். ரகுபதி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவருக்குள்ளிருந்து சிரிப்பு பொங்கியது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவரை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுக் கிண்டியில் வேறு இடம் மாறி உட்கார்ந்தார்.

வெற்றி வீரராக வீட்டுக்குள் நுழைந்தவரைத் தங்கம் முகமெல்லாம் மலர்ந்து வரவேற்றாள்.

"முனியம்மா வந்தாளா? துணி எடுத்துக் குடுத்தீங்களாமே? சாயங்காலம் பஸ்ல ரகுபதிக்குப் போன் வந்தது. அப்ப இருந்து வண்டி பூரா அதே பேச்சுதான். டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுதான்: 'தங்கச்சி நிச்சயத்துக்கு நம்ம பெருசு கடைலதான் எடுத்தோம். கண்ண மூடிக்கினு எடுக்கலாம், கலரு தப்பாது'ன்னு."

சுயம்புலிங்கம் கழற்றிய ஒரு செருப்போடு நின்றார். "யார்கிட்டச் சொன்னான்?"

"சொன்னேனே, வண்டி பூரா. பாதி பேரை நிச்சயத்துக்கு வேற கூப்பிட்டிருக்கான். நம்மளையும்தான். எல்லாரும் உங்களைக் கேட்டாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா?"

"துணி... டெய்லர்கிட்டப் போயிட்டா?"

"நாளைக்கு ராத்திரி குடுக்காளாம். பழைய டெய்லர் வேண்டாம்னு வேற ஆள் பாத்திருக்கா."

"எந்த டெய்லர்? வீடு எங்க இருக்கு அவங்களுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? ரகுபதியத்தான் கேக்கணும்."

மறுநாள் கடையில் சுயம்புலிங்கம் ஒரு தீவிர ஆராய்ச்சியில் இருந்தார். மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆதம்பாக்கமே மொட்டை மாடியில் கூடி நின்று கடையின் பெயரைக் கெடுத்தால் அது வேறு பிரச்சினை. அது வியாபாரம். பழியையும் வியாபாரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. இதை ஜமீலுன்னிசாவிடம் விளக்கியபோது அவர், "ஆமா, ஆமா" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது 'ஆமா' சுயம்புலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு நடுவே ஒரு குரல் மட்டும் வியாபாரத்திலும் சேராமல் பழியிலும் சேராமல் திரும்பத் திரும்பக் குறுக்கே வந்தது. 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா.' பக்கத்தில் இருந்த ஃபேனை இன்னும் வேகமாக வைத்துப் பார்த்தார். போகவில்லை.

உச்சிவெயில் நேரத்தில், யாரும் கேட்காமலே, இடது கையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். முழ அகல வெயிலில் அதை விரித்தார். பச்சை எழுந்து உட்கார்ந்தது. உள்ளே திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். ஜமீலுன்னிசா மேல் அடுக்கிலிருந்து இரட்டை நூல் ரோலை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். பேசாமல் இருப்பதில் சுயம்புலிங்கத்தையே மிஞ்சிவிட்டார். ரோல் இடது கையின் மேல் விழுந்தது. எது கை, எது ரோல் என்று தெரியவில்லை. ஒரு சின்ன வெட்டு, ஒரே கிழி.

"கடையப் பாத்துக்கோ. எனக்குக் கொஞ்சம் சோலி இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெயில் இருக்கும்போதே கிளம்பினார். அவர் அப்படிக் கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

பரங்கிமலை ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது மஞ்சள் பஸ் கீழே நின்றுகொண்டிருந்தது. ரகுபதி படிக்குப் பக்கத்தில் நின்று, "ஏரிக்கரை, ஏரிக்கரை!" என்று கூவிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாயிற்று.

"பெருசு! இன்னா இன்னிக்கி ஜல்தியா வந்துட்ட? நடக்கலியா? சுகரு எறங்கிச்சா?"

சுயம்புலிங்கம் கம்பியைப் பிடித்தார். படியில் காலை வைத்தார். ஏறினார்.

ஜன்னலோரத்து ஒற்றை இருக்கையில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் கண்ணயர்ந்திருந்தார். "மேடம், பெரியவருக்குக் கொஞ்சம்..." என்று ரகுபதி தொடங்கியதும், "இருக்கட்டும்டே. நான் நிக்கேன்" என்றார். பஸ் கிளம்பியது. கூட்டம் டிக்கெட் வாங்கி ஓயும்வரை காத்திருந்து, பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இத உங்கம்மாட்டக் குடு. நேத்துக் குடுத்த துணியில ஒரு இழை அறுந்து கெடந்தது. நான் கவனிக்கல. இதத் தைக்கக் குடுக்கச் சொல்லு."

"அப்ப நேத்து எட்த்தது இன்னா ஆவறது?"

"உள்ள லைனிங்குக்கு வச்சுக்கிடச் சொல்லு."

வெட்டின துணி மாற்றித் தரப்பட மாட்டாது என்று தன் கடையில் பெரிய எழுத்தில் பலகை மாட்டி வைத்திருப்பவர் இதைச் சொன்னார்.

ரகுபதி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான். கூரைக்கு அடியில் துணி நீலமாகத் தெரிந்தது. "அதே கலர்தானே பெருசு? இன்னா வித்தியாசம்?"

"ஜன்னல் பக்கமாப் புடி."

பஸ் கருணீகர் தெருப் பக்கம் திரும்பியது. மலைக்கு மேலிருந்து சாய்ந்த வெயில் உள்ளே வந்து விழுந்தது. துணியைப் பிடித்திருந்த ரகுபதியின் கை அப்படியே நின்றது.

"ஐயே! பச்ச! இன்னா பெருசு, வித்த காட்டிக்கினு கீற?"

"டெய்லர்கிட்டயும் வெயில்ல வச்சுப் பாக்கச் சொல்லு. விளக்கு வெளிச்சத்துல யார் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது. யார் சொன்னாலும்."

ரகுபதி துணியைக் கவனமாக மடித்து, டிக்கெட் கட்டு வைக்கும் பைக்குள் வைக்கப் பார்த்தான். மை ஒட்டிவிடும் என்று தோன்றியதோ என்னவோ, சட்டைக்குள், மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டான். ஏரிக்கரை வந்ததும் விசில் அடித்தான். சுயம்புலிங்கம் இறங்கினார்.

"ஞாயித்துக்கெயமை வந்துடு பெருசு! வூட்டம்மாவயும் இட்டாந்துடு!"

பஸ் நகரத் தொடங்கியது. சுயம்புலிங்கம் பக்கவாட்டில் இரண்டு எட்டு வேகமாக நடந்து, படியில் நின்றவனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"காலையில எத்தன மணிக்குடே வரணும்?"